எடையும் கோடும்: ஈய இலக்கின் நியூட்ரான் கணக்கு

நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட், சுருக்கமாக ஒரு ஜி.இ.வி., ஆற்றல் கொண்ட ஒற்றைப் புரோட்டான் தடித்த ஈய உருளைக்குள் நுழைந்தால் சுமார் 20 நியூட்ரான்கள் வெளியே வரும். இந்த எண் நேற்று இன்று வந்ததல்ல. 1960-களில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தார் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் இருந்த காஸ்மோட்ரான் முடுக்கிக்குப் போய், உலோக உருளைகளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, வெளியேறும் நியூட்ரான்களைத் தண்ணீரில் வேகம் தணியவிட்டு எண்ணினார்கள். அத்தகைய அளவீடுகளிலிருந்து பிறந்த விதியை இன்றும் ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்க்கலாம். உலோகத்தின் நிறை எண்ணோடு 20-ஐக் கூட்டிப் பத்தால் வகுக்க வேண்டும்; புரோட்டானின் ஜி.இ.வி. ஆற்றலில் 0.12-ஐக் கழித்து, வருவதால் பெருக்க வேண்டும். ஈயத்துக்கு 207-உம் 20-உம் 227, பத்தால் வகுத்தால் 22.7, அதை 0.88-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 20. டங்ஸ்டனுக்கு இதே கணக்கு 18 என்று வரும். இன்றைய கணினி நிரல்களும் இதே அளவிலான உருளைக்கு இந்த எண்ணை ஒட்டித்தான் விடை தருகின்றன. அறுபது ஆண்டுக்கு முந்தைய தண்ணீர்த் தொட்டியும் இன்றைய கணினியும் ஒரே விடை சொல்லும்போது, அளவீட்டையும் கணக்கையும் ஒப்பிட இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்கலாம். பெரும்பகுதி மிச்சம் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

பவானி ஜமக்காளம் ஒன்றைத் தராசில் வைத்தால் எத்தனை கிலோ நூல் போயிருக்கிறது என்று தெரியும். எந்த நிறக்கோடு எவ்வளவு அகலம், எது ஓரத்தில், எது நடுவில் என்பதைத் தராசு சொல்லாது. ஒரே எடையில் இரண்டு ஜமக்காளங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கோடுகளோடு இருக்க முடியும். மொத்த நியூட்ரான் எண்ணிக்கை அந்தத் தராசு எடை போன்றது. நிறமாலை என்பது கோடுகள்: எந்த ஆற்றலில் எத்தனை நியூட்ரான், எந்தத் திசையில் எத்தனை. "கணக்கும் அளவும் நன்றாக ஒத்துப்போகின்றன" என்று ஆய்வறிக்கைகளில் அடிக்கடி வரும் வாக்கியத்தை, எடையைச் சொல்கிறதா கோட்டைச் சொல்கிறதா என்று கேட்காமல் ஏற்கக் கூடாது. கேட்டபின் இன்னொன்றும் புலப்படும். அளவு என்று நாம் நம்புவதற்குள்ளேயே கணிசமான கணக்கு ஒளிந்திருக்கிறது. பாவும் ஊடையுமாகப் பின்னிய அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எது சரி எது தவறு என்று தீர்ப்பு எழுத முடியாது.

ஈயத்துக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். பெர்க்லியில் 184 அங்குல சைக்ளோட்ரான் ஓடத் தொடங்கியதும், கனமான அணுக்கருக்கள் அதன் கற்றை தாக்கும்போது பல துண்டுகளாகச் சிதறுவது தெரிந்தது. ஆங்கிலத்தில் ஸ்பாலேஷன் என்று பெயரிட்டார்கள். கல்லில் உளி பட்டுச் சில்லுகள் தெறிப்பதைச் சொல்லும் சொல் அது. 1947-இல் ராபர்ட் செர்பர் இதற்கு ஓர் எளிய படம் தந்தார். உள்ளே வரும் புரோட்டானின் வேகம் மிக அதிகம் என்பதால் அதற்கு அணுக்கரு ஒரு முழுப்பொருளாகத் தெரியாது, தனித்தனிப் புரோட்டான்களும் நியூட்ரான்களும் கொண்ட கூட்டமாகவே தெரியும். அது ஒன்றை இடிக்க, அது இன்னொன்றை இடிக்க, ஒரு நொடியை ஒன்றுக்குப் பின் இருபத்திரண்டு சுழியால் வகுத்த நேரத்துக்குள் சில துகள்கள் முன்பக்கமாகப் பாய்ந்து ஓடிவிடும். இது தொடர்மோதல் கட்டம். மிச்சமிருக்கும் அணுக்கரு சூடேறிக் கிடக்கும். பிறகு, வெந்நீர்ப் பானையிலிருந்து ஆவி போவதுபோல், அது நியூட்ரான்களை ஒவ்வொன்றாக எல்லாத் திசையிலும் உதிர்த்து ஆறும். இந்த ஆவியாதல் படத்தை 1937-லேயே வைஸ்கோப் வரைந்திருந்தார். நிறமாலையின் முகம் இந்த இரண்டு கட்டங்களால் ஆனது. ஓரிரு எம்.இ.வி. பகுதியில், அதாவது பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் அளவில், ஆவியாதல் தந்த பெரிய மேடு நிற்கும். அங்கிருந்து வலப்பக்கம் புரோட்டானின் முழு ஆற்றல் வரைக்கும் நீளும் மெலிந்த வால், தொடர்மோதல் தந்தது. தடித்த இலக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகே 20 எம்.இ.வி.க்குக் கீழே விழுந்துவிடும். வாலில் இருப்பவை சொற்பம். ஆனாலும் சண்டையெல்லாம் அந்த வாலைப் பற்றித்தான்.

இரண்டு கட்டங்களையும் எண்ணாக்குவது ஒரு சூதாட்டக் கணக்கு. 1948-இல் கோல்ட்பெர்கர் அதிவேக நியூட்ரான் கனமான அணுக்கருவுக்குள் படும் பாட்டைக் கையாலேயே கணக்கிட்டார். ஒவ்வொரு மோதலுக்கும் தற்செயல் எண் ஒன்றை எடுத்து, அடுத்து எங்கே போகும் என்று தாளில் கோடு போட்டு. பத்து ஆண்டு கழித்து மெட்ரோபொலிஸும் கூட்டாளிகளும் அதையே மேனியாக் கணினியிடம் விட்டார்கள். 1963-இல் ஓக் ரிட்ஜின் பெர்ட்டினி எழுதிய நிரல் அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இந்தத் துறையின் உழவு மாடாக இருந்தது. பின்னால் பெல்ஜியத்தின் லியேஜில் கூனோன் குழுவின் ஐ.என்.சி.எல்., லாஸ் அலமோஸில் எம்.சி.என்.பி.எக்ஸ்., செர்னில் ஃப்ளூக்காவும் ஜியான்ட்-4-உம், ஜப்பானில் ஃபிட்ஸ் என்று ஒரு குடும்பமே வளர்ந்தது. இந்தியாவின் பங்கும் உண்டு. டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஹர்ஃபூல் குமாவத், ரஷ்யாவின் துப்னாவைச் சேர்ந்த பராஷென்கோவோடு சேர்ந்து காஸ்கேட் என்ற நிரலை மேம்படுத்தினார். இவை எல்லாவற்றிலும் எழுதியவரின் தேர்வுகள் சில இருக்கின்றன: அணுக்கருவின் ஓரம் எவ்வளவு மங்கலானது, தொடர்மோதலை எந்தக் கணத்தில் நிறுத்தி ஆவியாதலிடம் ஒப்படைப்பது, சூடான அணுக்கருவில் ஆற்றல் மட்டங்கள் எவ்வளவு நெருக்கம் என்பன போன்றவை. அந்த ஒப்படைக்கும் கணத்தைச் சற்றே முன்பின் நகர்த்தினாலும் மேடும் வாலும் இரண்டுமே மாறிவிடும்.

இனி அளவீட்டின் பக்கம். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை; காந்தத்தால் வளைக்கவோ நேரடியாகத் தொட்டுப் பார்க்கவோ முடியாது. ஆகவே பெரும்பாலும் அதன் பயண நேரத்தை அளக்கிறார்கள். இலக்கிலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஒரு மினுக்கிக் கருவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு எம்.இ.வி. நியூட்ரான் அந்தத் தூரத்தைக் கடக்க 723 நானோ நொடி எடுக்கும், இரண்டு எம்.இ.வி. நியூட்ரான் 512. நடுவே 200 நானோ நொடிக்கு மேல் இடைவெளி இருப்பதால் பிரித்தறிவது சுலபம். வாலுக்குப் போனால் நிலைமை வேறு. 400 எம்.இ.வி. நியூட்ரான் ஏறக்குறைய 46.8 நானோ நொடியில் வரும், 500 எம்.இ.வி. நியூட்ரான் 44-இல் வரும். நூறு எம்.இ.வி. வித்தியாசம் மூன்று நானோ நொடிக்குள் ஒடுங்கிவிடுகிறது. கருவியின் நேரக்கணிப்பு ஒரே ஒரு நானோ நொடி பிசகினால் 400 என்று எழுதிய இடத்தில் 370 இருக்கலாம், 430-உம் இருக்கலாம். வரைபடத்தில் அந்தப் புள்ளிக்குச் செங்குத்தாகப் போட்டிருக்கும் பிழைக்கோட்டை எல்லோரும் பார்க்கிறார்கள். கிடைமட்டமாக இருக்கும் இந்தப் பிசகைப் பலர் வரைவதே இல்லை. கணக்கு ஒரு வழவழப்பான கோடாகவும் அளவு ஒரு மழுங்கிய மேடாகவும் தெரிந்தால், தவறு நிரலில் என்று அவசரப்படுவதற்குமுன், கணக்கையும் அதே நேரப் பிசகோடு மழுக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

இதன் அருமையை நன்றாக உணர்ந்து செய்த சோதனை, பிரான்சின் சாக்லேயில் இருந்த சட்டர்ன் முடுக்கியில் நடந்தது. அலுமினியம், இரும்பு, ஸிர்கோனியம், டங்ஸ்டன், ஈயம், தோரியம் ஆகிய மெல்லிய இலக்குகள்; 800, 1200, 1600 எம்.இ.வி. புரோட்டான்கள், நேர் முன்திசை முதல் 160 டிகிரி வரை கோணங்கள். 400 எம்.இ.வி. வரை பயண நேரத்தால் அளந்தார்கள். 200-க்கு மேலே வேறொரு வழி: நியூட்ரானைத் திரவ ஹைட்ரஜனில் மோதவிட்டு, தெறிக்கும் புரோட்டானைக் காந்தத்தால் வளைத்து, அந்த வளைவிலிருந்து நியூட்ரானின் ஆற்றலைக் கண்டார்கள். 200 முதல் 400 வரையான பகுதியை இரண்டு வழியிலும் அளந்ததால், ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியானது. சட்டர்ன் 1997-இல் மூடப்பட்டது. லெரே குழுவினர் 2002-இல் முழு விவரத்தையும் வெளியிட்டார்கள். இந்தத் துறையில் ஒரே ஓர் அளவீட்டைத்தான் கையில் எடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். எண்களின் நுட்பத்தைவிட, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் அந்த அமைப்புதான் காரணம். ஜப்பானின் கே.இ.கே. ஆய்வகத்தில் 0.8, 1.5, 3 ஜி.இ.வி. புரோட்டான்களோடு நடந்த இஷிபாஷி குழுவின் அளவீடும், லாஸ் அலமோஸில் 800 எம்.இ.வி.யில் நடந்த ஆமியான் குழுவின் அளவீடும் பக்கத்திலேயே நிற்பதால், 800 எம்.இ.வி. புரோட்டானும் ஈயமும் என்ற ஒரே சேர்க்கைக்கு மூன்று கண்டங்களிலிருந்து சாட்சியம் கிடைக்கிறது. இப்படி வாய்ப்பது அபூர்வம்.

அளவுக்குள் கணக்கு ஒளிந்திருக்கிறது என்று சொன்னேன். மினுக்கிக் கருவி தன்மேல் விழும் நூறு நியூட்ரான்களில் எத்தனையைக் கண்டுகொள்கிறது என்பது ஆற்றலைப் பொறுத்து மாறும். குறைந்த ஆற்றலில் அதைச் சோதனையாகவே அளக்கலாம். நூறு எம்.இ.வி.க்கு மேல் தரமறிந்த நியூட்ரான் ஊற்று கிடைப்பது அரிது. ஆகவே அந்தத் திறனை ஸின்ஃபுல், செசில் போன்ற கணினி நிரல்களால் கணிக்கிறார்கள். அந்த நிரல்களுக்கோ கார்பன் அணுக்கருவில் நியூட்ரான் மோதினால் என்ன ஆகும் என்ற மாதிரி வேண்டும். அதாவது, ஈயத்தில் நடக்கும் அணுக்கரு வினையைப் பற்றிய கணக்கைச் சோதிக்க, கார்பனில் நடக்கும் அணுக்கரு வினையைப் பற்றிய இன்னொரு கணக்கை நம்புகிறோம். இதில் மோசடி எதுவும் இல்லை, தவிர்க்கவும் முடியாது. ஆனால் "இது அளவு, அது கணக்கு" என்று நடுவே சுவர் எழுப்ப முடியாது.

போனர் கோளங்களில் இந்த வட்டம் இன்னும் இறுக்கம். 1960-இல் வந்த முறை அது. பல அளவுகளில் பாலித்தீன் உருண்டைகள், நடுவில் மெதுவான நியூட்ரானை மட்டும் உணரும் சிறு கருவி. பெரிய உருண்டை வேகமான நியூட்ரானைத் தணித்து உணரும், சிறியது மெதுவானதை. பத்துப் பன்னிரண்டு உருண்டைகள் தரும் பத்துப் பன்னிரண்டு எண்களிலிருந்து, பத்துப் பதினோரு மடங்கு வரிசைகளுக்கு விரியும் ஒரு முழு நிறமாலையை மீட்டெடுக்க வேண்டும். தெரிந்த எண்கள் குறைவு, தெரியாதவை அதிகம். விடை ஒன்றல்ல, பல. அதனால் தொடக்கத்தில் ஓர் ஊக நிறமாலையைக் கொடுத்து, அளவோடு பொருந்தும்வரை அதைத் திருத்துகிறார்கள். அந்த ஊகம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கணினி உருவகத்திலிருந்தே. பிறகு வந்த விடையை அதே உருவகத்தோடு ஒப்பிட்டு ஒத்துப்போகிறது என்று எழுதினால், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சாட்சி கையெழுத்துப் போடுவது போலாகும். உருண்டைக்குள் ஈயத்தையோ டங்ஸ்டனையோ வைத்து உயர் ஆற்றலுக்கு உணர்வைக் கூட்டுகிறார்கள் என்பது ஒரு வேடிக்கை. எந்தக் கன உலோக வினையை அளக்கப் போகிறோமோ, அதே வகை வினைதான் கருவிக்குள்ளும் நடக்கிறது.

தகடுகளை வைத்து அளப்பதை நான் சற்றுக் கூடுதலாக நம்புகிறேன், அதன் குறைகள் வெளிப்படையாக இருப்பதால். பிஸ்மத் தகடு ஒன்றை ஈய உருளையின் பக்கத்தில் வைத்தால், 22.6 எம்.இ.வி.க்கு மேற்பட்ட நியூட்ரான் ஒன்று அதில் பட்டு நான்கு நியூட்ரான்களை உதிர்க்கச் செய்ய முடியும், மிஞ்சுவது பிஸ்மத்-206. ஆறு நியூட்ரான் உதிர 38 எம்.இ.வி.க்கு மேல் வேண்டும். ஒவ்வொரு வினையும் ஒரு சல்லடை. கண்ணின் அளவு வேறு வேறு. கதிரடிப்பு முடிந்ததும் தகட்டை எடுத்து ஜெர்மானியக் கருவியின் முன் வைத்து, எந்தக் காமாக் கோடு எவ்வளவு உயரம் என்று பார்த்தால், எந்தச் சல்லடையில் எவ்வளவு தங்கியது என்று தெரியும். தங்கத் தகட்டில் இரண்டு நியூட்ரான் உதிர 8 எம்.இ.வி. போதும், அலுமினியம் சோடியம்-24 ஆக மாற அதைவிடக் குறைவு. துப்னாவில் நியூக்லோட்ரான் முடுக்கியில் 'எனர்ஜி பிளஸ் டிரான்ஸ்மியூட்டேஷன்' என்ற அமைப்பில் இப்படித்தான் செய்தார்கள். 8.4 சென்டிமீட்டர் விட்டம், 48 சென்டிமீட்டர் நீளமுள்ள ஈய உருளை, சுற்றி 206.4 கிலோ இயற்கை யுரேனியம், புரோட்டான் 0.7 முதல் 2 ஜி.இ.வி. வரை. செக், ஜெர்மன், ஆஸ்திரேலியக் குழுக்களோடு ஜெய்ப்பூரின் ராஜஸ்தான் பல்கலைக்கழகத்தாரும் அதில் பங்கேற்றார்கள். அந்த அமைப்பு கற்றுத்தந்த பாடம் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சுற்றிப் பாதுகாப்புக்கு வைத்த பாலித்தீன் பெட்டி நியூட்ரான்களைத் தணித்து உள்ளே திருப்பி அனுப்பியது. மெதுவான நியூட்ரானை விழுங்கும் வினைகளைக் காட்டிய தகடுகள் ஈயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியைப் பற்றித்தான் சொல்லின. புரோட்டான்களை எண்ணுவதிலும் ஒரு பொறி உண்டு. அலுமினியத் தகட்டில் புரோட்டான் உண்டாக்கும் சோடியம்-24-ஐ வைத்து எண்ணுகிறார்கள். அதே சோடியம்-24-ஐ நியூட்ரானும் உண்டாக்கும். தகட்டை இலக்கை ஒட்டி வைத்தால், பின்னோக்கி வரும் நியூட்ரானும் புரோட்டானாக எண்ணப்பட்டுவிடும். கற்றை சில மில்லிமீட்டர் ஒதுங்கினால்கூட ஒரு பக்கத் தகடு கூடுதலாகவும் மறுபக்கத் தகடு குறைவாகவும் காட்டும்.

இவ்வளவு எச்சரிக்கைகளோடு பார்த்தால் ஒப்பீடுகள் என்ன சொல்கின்றன? சட்டர்ன் அளவீடுகளின் முன் பெர்ட்டினி நிரல் ஓர் இடத்தில் தெளிவாகத் தவறியது: 2 முதல் 20 எம்.இ.வி. வரையான மேட்டில் தேவைக்கு மேல் நியூட்ரான் காட்டியது. காரணமும் புலப்பட்டது. அந்த நிரல் தொடர்மோதலுக்குப்பின் அணுக்கருவில் அளவுக்கு மீறிச் சூட்டை விட்டுவைக்கிறது. சூடு கூடினால் ஆவியும் கூடும். லியேஜ் நிரல் சூட்டைக் குறைவாக விட்டதால் மேடு சரியான உயரத்துக்கு வந்தது. கே.இ.கே.யில் மெய்கோ குழுவினர் 15 சென்டிமீட்டர் சதுர முகமும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தடித்த ஈயக் கட்டியை 0.5, 1.5 ஜி.இ.வி. புரோட்டான்களால் அடித்துப் பார்த்தபோது, குறை வேறோரிடத்தில் வந்தது. 20 முதல் 80 எம்.இ.வி. வரையான இடைப்பகுதியில் அவர்கள் பயன்படுத்திய கணக்கு குறைவாக இருந்தது. அந்த இடம் தொடர்மோதலுக்கும் ஆவியாதலுக்கும் நடுவிலுள்ள மூன்றாவது கட்டத்துக்கு உரியது. அணுக்கரு முழுதாகச் சமநிலை அடைவதற்குமுன் கசியும் நியூட்ரான்கள் அவை. துப்னாவில் 0.7, 1 ஜி.இ.வி.க்குப் பரவாயில்லாமல் இருந்த பொருத்தம், 1.5-க்கு மேலே கலைந்தது. சர்வதேச அணுசக்தி முகமை 2008 முதல் 2010 வரை நடத்திய ஒப்பீட்டுப் பந்தயத்தில் பல நிரல்கள் இரும்பிலும் ஈயத்திலும் ஓட்டிப் பார்க்கப்பட்டன. நியூட்ரான் நிறமாலையைப் பெரும்பாலான நிரல்கள் நன்றாகவே தந்தன, மிஞ்சும் அணுக்கருக்களையும் ஹீலியம் போன்ற சிறு துண்டுகளையும் தருவதில் தடுமாறின. எல்லாவற்றிலும் முதல் என்று எந்த நிரலையும் சொல்ல முடியவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, மேட்டில் கூடுதலும் இடையில் குறைவும் ஒரே கூட்டலுக்குள் போனால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பது. பவானிக்கு அருகே அணைக்கட்டிலிருந்து பிரிந்து சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து போகும் காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றி, தலையில் விட்ட தண்ணீரும் கடையில் வந்த தண்ணீரும் கணக்குக்குச் சரி என்று ஒருவர் சொன்னால், எந்த மதகு எவ்வளவு இழுத்தது என்று எவரும் அதிலிருந்து சொல்ல முடியாது. ஒரு மதகில் கூடுதலாகப் போனதும் இன்னொன்றில் குறைவாகப் போனதும் மொத்தத்தில் மறைந்துவிடும். தடித்த இலக்கில் இது இன்னும் மோசம். முதல் மோதலில் பிறந்த வேக நியூட்ரான் பக்கத்து ஈய அணுவில் மோதி இரண்டு மூன்றாகப் பெருகும். முதல் கட்டத்தின் தவறு இரண்டாம் கட்டத்தில் கரைந்துபோகும். போதாததற்கு, நிரல்களில் ஓர் ஒட்டும் இருக்கிறது. வெகுகாலம் 20 எம்.இ.வி.க்குக் கீழே, மதிப்பீடு செய்த தரவு அட்டவணைகளை வைத்தும், மேலே அணுக்கரு மாதிரிகளை வைத்தும் கணக்கிட்டார்கள். 1990-களின் இறுதியில் லாஸ் அலமோஸ் 150 எம்.இ.வி. வரை அட்டவணைகளை நீட்டியபின் ஒட்டு இடம் மாறியது, மறையவில்லை. ஒட்டு இருக்கும் இடத்தில் வளைவு திடீரென்று ஒரு படி ஏறினாலோ இறங்கினாலோ அது இயற்கையின் படி அல்ல.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முடுக்கியால் இயக்கும் அணு உலைக்கு வேண்டியது நியூட்ரான் எண்ணிக்கைதான். எண்ணிக்கையில் பத்து சதவீதம் பிழை இருந்தால் புரோட்டான் கற்றையைப் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். வாலில் இருமடங்கு பிழை வந்தால்தான் என்ன? இந்த மறுப்பைப் பலர் நினைப்பதைவிட மதிப்போடு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தடுப்புச் சுவர் விஷயத்தில் அது பாதி உண்மை. உயர் ஆற்றல் நியூட்ரான்கள் கான்கிரீட்டில் ஏறக்குறைய அரை மீட்டருக்கு ஒருமுறை மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாகக் குறைகின்றன. வாலை இருமடங்கு தவறாகக் கணித்திருந்தால், ஈடுகட்ட இன்னும் 35 சென்டிமீட்டர் கான்கிரீட் போதும். அதற்காக ஒரு முடுக்கி கட்டி அளக்க வேண்டுமா என்று கேட்பது நியாயம். ஆனால் சுவர் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நேர் முன்திசையிலும் பக்கவாட்டிலும் வால் வெவ்வேறு நீளம். முன்திசையில் நிரல் சரியாக இருந்து 90 டிகிரியில் தவறினால், செலவு செய்த கான்கிரீட் தவறான பக்கத்தில் நிற்கும். 2019-இல் சென்னையில் தொடங்கிய புரோட்டான் புற்றுநோய்ச் சிகிச்சை மையத்தில் 230 எம்.இ.வி. வரை போகிறார்கள். அத்தகைய கூடங்களில் சுவருக்கு அப்பால் அளக்கும் சாதாரண நியூட்ரான் அளவி 10, 20 எம்.இ.வி.க்கு மேலே குருடாகிவிடும். அதற்காகவே டங்ஸ்டன் உறையிட்ட அளவிகள் வந்தன. வால் தெரியாத கருவியால் வாலைப் பற்றி நிம்மதி கொள்வது சரியல்ல.

பொருள்களின் சேதத்துக்கு வந்தால் மறுப்பு நிற்கவே நிற்காது. எஃகில் ஹீலியம் உண்டாக்கும் வினைகள் பல எம்.இ.வி. வாசலைத் தாண்டிய நியூட்ரான்களுக்கே திறக்கும். வால் நீளமாக இருந்தால் ஹீலியமும் கூடும். எஃகின் நுண்ணிடுக்குகளில் ஹீலியம் குமிழாகச் சேர்ந்து அதை நொறுங்கவைக்கும். இலக்குக்கும் வெற்றிடக் குழாய்க்கும் நடுவே நிற்கும் மெல்லிய சன்னலின் ஆயுளை இது தீர்மானிக்கிறது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனம் 2006-இல் உருகிய ஈய-பிஸ்மத் இலக்கை 590 எம்.இ.வி. கற்றையின் கீழ் நான்கு மாதம் ஓட்டியது. மெகாபை என்ற அந்த முயற்சியில் நியூட்ரான் எத்தனை என்ற கேள்வியைவிட, சன்னல் எத்தனை நாள் தாங்கும், பிஸ்மத்திலிருந்து எவ்வளவு பொலோனியம்-210 உருவாகும் என்ற கேள்விகள் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பவை. இரண்டில் முதலாவதற்கு வாலும், இரண்டாவதற்கு நிறமாலையின் மெதுவான முனையும் தெரிய வேண்டும். மொத்த எண்ணிக்கை இரண்டுக்கும் விடையல்ல.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. நிரல்களின் உள் அளவுகளை அளவீடுகளைப் பார்த்தே திருத்துகிறார்கள். அப்படியிருக்கப் பொருந்துவதில் என்ன பெருமை, சோதனைதானே நீதிபதி என்கிறார்கள். திருத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஈயத்தில் 800 எம்.இ.வி.யில் திருத்திய அதே அளவுகள் இரும்பில் 1600-லும் பொருந்தினால் அது திருத்தத்தின் வெற்றி அல்ல, இயற்பியலின் வெற்றி. ஆகவே நிரலின் நேர்மையை, அது பார்த்தறியாத உலோகத்திலும் கோணத்திலும் சோதிக்க வேண்டும். சோதனை நீதிபதி என்பதற்கும் எல்லை உண்டு என்று மேலே காட்டினேன். இரண்டு சுயேச்சையான அளவு முறைகள் ஒத்துப்போய், நிரல் மட்டும் தனித்து நின்றால் நிரல்தான் தவறு. ஓர் அளவீடு மட்டும் இருந்து நிரல்கள் எல்லாம் ஒரே பக்கம் விலகி நின்றால், கருவியின் திறன் கணக்கை மறுபடி திறந்து பார்ப்பேன். மூன்றாவதாக, நிரல்களுக்குள்ளேயே சிதறல் அதிகமாக இருந்தால் அங்கே அளவீடு எவ்வளவு சுமாராக இருந்தாலும் மதிப்பு மிக்கது. 20 முதல் 80 எம்.இ.வி. பகுதி அத்தகையது.

இந்தியாவுக்கு இது வெறும் நூலகக் கேள்வியாக இருந்திருக்கலாம், தோரியம் இல்லாமல் போயிருந்தால். மணவாளக்குறிச்சி மணலில் கிடக்கும் மோனசைட்டில் தோரியம் உண்டு. தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233-ஐ எரிக்கும், 30 கிலோவாட் திறன் கொண்ட காமினி உலை 1996-இல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கியது. தோரியத்துக்கு வெளியிலிருந்து நியூட்ரான் ஊட்டும் ஒரு வழிதான் முடுக்கியும் கன உலோக இலக்கும். அந்தத் திசையில் டிராம்பேயில் பிரம்மா என்ற துணைநிலை அமைப்பு இயங்குகிறது. இயற்கை யுரேனியமும் பெரிலியம் ஆக்சைடும் பாலித்தீனும் கொண்டது, தானாகத் தொடர்வினை நடத்தாது. எல்லாம் வெளிநாட்டில் அளந்துவிட்டார்களே, நாம் ஏன் மறுபடி அளக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு ஜி.இ.வி. முடுக்கி நம்மிடம் இல்லாதவரை அந்தக் கேள்வி செல்லும், சட்டர்ன், கே.இ.கே. தரவுகளை நன்றாகப் படிப்பதே இப்போதைக்கு நம் வேலை. ஆனால் படிகள் இருக்கின்றன. லெஹிபா என்ற டிராம்பே முடுக்கி 2023-இல் தன் வடிவமைப்பு ஆற்றலான 20 எம்.இ.வி.யை எட்டியது. 20 எம்.இ.வி. புரோட்டானால் ஈயத்தைச் சிதறடிக்க முடியாது என்பது குறையல்ல, வசதி. அங்கே தொடர்மோதல் இல்லை. ஆவியாதலும் சமநிலைக்கு முந்தைய கசிவும் மட்டும் தனியாக நிற்கின்றன. ஒரு ஜி.இ.வி. சோதனையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மூன்று இழைகளில் இரண்டைத் தனியே உருவிப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. கொல்கத்தாவின் சைக்ளோட்ரானில் சர்க்கார் குழுவினர் தடித்த இலக்குகளை ஆல்ஃபா துகளால் அடித்து, வரும் நியூட்ரான் நிறமாலையை அணுக்கரு வினைக் கணக்குகளோடு ஒப்பிட்டு 1991-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் கைப்பழக்கம் இங்கே இருக்கிறது.

அப்படி ஓர் அளவீடு நடந்தால், அதில் பார்க்க வேண்டிய முதல் இடம் வளைவின் உச்சி அல்ல. ஈயத்தின் மின்விசைத் தடுப்பைத் தாண்டவே புரோட்டானுக்கு 10 எம்.இ.வி.க்கு மேல் வேண்டும் என்பதால், 20-இல் வரும் நியூட்ரான்கள் குறைவு. அவற்றில் 8 எம்.இ.வி.க்கு மேற்பட்டவை இன்னும் குறைவு. ஆவி அவ்வளவு சூடாக வராது. ஆகவே அந்தப் பகுதியில் எண்ணப்படும் ஒவ்வொரு நியூட்ரானும் பெரும்பாலும் சமநிலைக்கு முந்தைய கசிவிலிருந்து வந்தது; முன்கோணத்தில் கூடுதலாகவும் பின்கோணத்தில் குறைவாகவும் இருக்கும். 30 டிகிரியிலும் 150 டிகிரியிலும் ஒரு கருவியை வைத்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தை எடுத்தால், கருவித் திறனின் பிழையும் புரோட்டான் எண்ணிக்கையின் பிழையும் பெருமளவு வகுபட்டுப் போகும். மிஞ்சும் அந்த ஓர் எண்ணை, சட்டர்ன் அளவீடுகளோடு ஒப்பிட்ட அதே நிரல்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.